செத்த மீனுக்கு யார் காசு? செல்லப்பிராணிக் கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வண்ண மீன், பறவை, தீவனம் விற்கும் சிறு கடைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில், சரக்கு எடுப்பது, சப்ளையரோடு கணக்கு வைப்பது பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஊரில் புதிதாக மீன் கடை போடுகிறேன், பத்துத் தொட்டி. மதுரை மொத்த வியாபாரி கப்பி ஒன்று 15 ரூபாய் என்கிறார். கொளத்தூரில் 12க்குக் கிடைக்கிறது. நேரே சென்னையிலேயே எடுத்துவிடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

மூன்று ரூபாய் வித்தியாசத்தை நம்பி பஸ் ஏற வேண்டாம். பில்லில் இருப்பது வாங்கும் விலைதான். அடக்க விலை வேறு. கடைக்கு வந்து பதினான்காம் நாள் உயிரோடு நீந்தும் மீன்களின் எண்ணிக்கையால் மொத்தச் செலவை வகுத்தால்தான் அது தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் 100 கப்பி 1,200 ரூபாய், பேக்கிங்கும் பஸ் பார்சலும் 300, ஆக 1,500. இரண்டு வாரத்தில் 25 போய்விட்டால் மிச்சம் 75. ஒன்றின் அடக்க விலை 20 ரூபாய். மதுரையில் 1,500, வண்டிச் செலவு 150, ஆக 1,650. ஐந்து மட்டும் போனால் 95 மிச்சம்; ஒன்று 17 ரூபாய் சொச்சம். சென்னைச் சரக்கு எப்போதும் இப்படிச் சாகும் என்று சொல்லவில்லை. ஆனால் சாவு விகிதத்தை எழுதி வைக்காதவருக்கு எது மலிவு என்று சொல்லவே வழியில்லை. தொட்டிக்கு ஒரு நோட்டுப் பக்கம் போதும்: வந்த தேதி, யாரிடம், எத்தனை, தினமும் எத்தனை செத்தது. மூன்று மாதத்தில் எந்த சப்ளையரை விட வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

மதுரைக்காரர் கூடுதலாக வாங்கும் மூன்று ரூபாய் எதற்கு? பயணக் களைப்பில் வந்த மீனை அவர் தன் தொட்டியில் சில நாள் வைத்து, சாவதைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, தேறியதைத் தருவதற்கு. உண்மையில் அப்படி வைக்கிறாரா என்பதுதான் கேள்வி. சென்னையிலிருந்து காலையில் இறங்கிய பையைப் பிரித்து, புது ஆக்சிஜன் அடித்து, அன்று மதியமே அடுத்தவருக்கு அனுப்பும் மொத்தக் கடைகளும் உண்டு. இரண்டு பயணத்தை ஒரே நாளில் தாங்கிய மீன் உங்களிடம் வந்து சாகும். எனவே சரக்கு இறங்கும் நாள் எது என்று விசாரித்து, சொல்லாமல் ஒரு முறை போய் நில்லுங்கள். “இது இறங்கி எத்தனை நாள் ஆச்சு?” என்று தொட்டி தொட்டியாகக் கேளுங்கள். உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தீனிக்குப் பாயாத மீன், துடுப்பை உடம்போடு ஒட்டி மூலையில் நிற்கும் மீன், வயிறு உள்வாங்கிய மீன், மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கும் மீன் எதையும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைப் போடுகிறாரா, எல்லாத் தண்ணீரும் ஒரே சம்ப்பில் போய்க் கலக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒரு தொட்டி நோய் ஐம்பது தொட்டிக்கும் சொந்தம்.

கொளத்தூரின் பலம் வகைகள். மாதவரம், செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்துப் பண்ணை மீன்களும், கொல்கத்தாவிலிருந்து வருபவையும், தாய்லாந்து, சிங்கப்பூர் இறக்குமதியும் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும். கடை ஓடத் தொடங்கி, எது விற்கிறது என்று தெரிந்தபிறகு, மதுரையில் கிடைக்காத வகைக்கு மட்டும் அங்கே போங்கள். போவதானால் வாரநாள் காலையில். ஞாயிற்றுக்கிழமை சில்லறைக் கூட்டத்தில் யாரும் உங்களுக்கு நின்று எண்ணித் தரமாட்டார்கள்.

முதல் சரக்கைச் சிறிதாக எடுங்கள். கப்பி 50, மோலி 40, ஜீப்ரா டேனியோ 50, டைகர் பார்ப் 30, சின்ன கோல்டு ஃபிஷ் 30, ஏஞ்சல் 15, ஃபைட்டர் 15. இது ஏழு தொட்டி. ஏழாவது தொட்டியின் இடத்தில் ஃபைட்டருக்குத் தனித்தனி ஜாடி. மூன்று தொட்டியைக் காலியாக வைக்கச் சொன்னால் வலிக்கும். ஆனால் அடுத்த சரக்கு எங்கே இறங்கும் என்று யோசியுங்கள். ஆஸ்கர், ‘ஷார்க்’ என்று விற்கும் கெளுத்தி இனம், கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மூன்றையும் முதலில் தவிருங்கள். விரலளவில் வாங்கிப்போனவர் ஒன்றிரண்டு வருடத்தில் அடி நீளத்தில் கொண்டுவந்து “எடுத்துக்கோங்க” என்பார். எடுக்காவிட்டால் அது ஊர்க் குளத்துக்குப் போகும். சக்கர் பல நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான்.

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த சரக்கு. பையைத் திறக்கும்போது எல்லாம் நன்றாக நீந்தின. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, கவனமாகத்தான் விட்டேன். மாலைக்குள் மூன்றில் ஒரு பங்கு செத்தது. மறுநாளும் செத்தது. சப்ளையர் “உங்க தண்ணி சரியில்லை” என்கிறார். யார் சொல்வது சரி?
– கம்பம் வாசகர்

இருவரிடமும் பாதிப் பாதி இருக்கலாம். எப்போது செத்தது என்பதை வைத்து ஏன் செத்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பையிலேயே செத்துக் கிடந்தால் அது பேக்கிங் கோளாறு. அனுப்பும் மீனைச் சிறிதானால் ஒரு நாள், கோய், ஆஸ்கர் போன்றவற்றை இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். போடாவிட்டால் பையிலேயே கழிந்து தண்ணீர் கலங்கி நாறும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், இரட்டைக் கவர், குட்டி மீன் மூலையில் சிக்கி நசுங்காமல் கவரின் இரண்டு முனைகளையும் மடித்துக் கட்டியிருக்க வேண்டும். பை தொளதொளவென்று வந்தால் ஊசித்துளை. முள்ளுள்ள கெளுத்தி வகைகளுக்கு இரண்டு கவருக்கும் இடையே நாளிதழ் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மீன் நன்றாக வந்து, திறந்தபிறகு சில மணி நேரத்தில் செத்திருக்கிறது. இங்கேதான் அந்த ‘கவனமே’ வினையாகியிருக்க வாய்ப்பு அதிகம். பத்து மணி நேரத்துக்கு மேல் மூடிய பையில் இருக்கும் மீன் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மூச்சில் விடும் கரியமில வாயு கரைந்து தண்ணீரின் பி.எச். 6.5 அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் அம்மோனியாவில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். மற்றது மீனுக்கு அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம். பையைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், பி.எச். ஏறும். அதோடு, உங்கள் தண்ணீரின் பி.எச். 8 அளவில் இருந்து, அதையும் சொட்டவிட்டால் அதே அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு விஷமாக மாறும். ஏறக்குறைய முப்பது மடங்கு. அந்த விஷத்தில் மீனை ஒரு மணி நேரம் ஊறவைத்திருக்கிறீர்கள்.

நீண்ட பயணச் சரக்குக்கு முறை வேறு. விளக்கை அணையுங்கள். பையைத் திறக்காமலே 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்த உடனே வலையில் வடித்து மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்று தீனி வேண்டாம். சொட்டு முறை, பக்கத்து ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வரும் மீனுக்குச் சரி.

ஆனால் இப்படி உடனே மாற்றினால் தண்ணீர் வித்தியாசம் மீனைத் தாக்காதா? தாக்கும், அதற்கான ஏற்பாட்டை மீன் வருவதற்கு முந்தைய நாளே செய்ய வேண்டும். உங்கள் சப்ளையர் ‘தண்ணி’ என்று சொன்னதில் உண்மை இருக்கக்கூடிய இடமும் இதுதான். வடசென்னைப் பக்கத்துப் பண்ணைகள் போர்வெல் நீரில் ஓடுபவை. உப்பும் கடினத்தன்மையும் கூடியவை. உங்கள் ஊர் ஆற்றுநீர் மென்மையானது. கடின நீரில் வளர்ந்த கப்பியும் மோலியும் மென்னீரில் விழுந்தால் துடுப்பை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடலை ஆட்டும். இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போகும். மறுநாள் செத்தவை இந்த வகையாக இருக்கலாம். எனவே ஆர்டர் போடும்போதே “உங்க தண்ணி டி.டி.எஸ். எவ்வளவு, பி.எச். எவ்வளவு?” என்று கேளுங்கள். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு; அதை அளக்கும் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அயோடின் சேர்க்காத கல்லுப்பை லிட்டருக்கு 1 கிராம் போட்டால் டி.டி.எஸ். ஏறக்குறைய ஆயிரம் ஏறும் என்பதை வைத்து, இறக்கும் தொட்டியை அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கடினத்தன்மை உப்பால் வராது. அதற்குத் தொட்டி ஃபில்டரில் ஒரு பை கிளிஞ்சல் அல்லது பவளத்துண்டு. பிறகு ஒரு வாரத்தில், தினம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி உங்கள் நீருக்குப் பழக்கலாம். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீனுக்கு உப்பைக் காட்டாதீர்கள்.

நகராட்சிக் குழாய்நீரை அப்படியே பிடித்திருந்தால் குளோரினும் காரணமாகலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட் தேவை; ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் படிகம் அதுதான்.

நாலாம் நாளுக்கு மேல் வெள்ளைப்புள்ளியோ, வாயில் பஞ்சு போலவோ தெரிந்தால் அது கூடவே வந்த நோய். புதுத் தொட்டியில் சில நாள் கழித்துச் செவுள் பழுப்பாகிச் செத்தால் நைட்ரைட், அம்மோனியா சிதைந்து வரும் நஞ்சு. ஃபில்டர் இன்னும் பழுக்கவில்லை, அதாவது நஞ்சைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் இன்னும் வளரவில்லை.

இனி காசு. பையில் செத்து வருவதை வியாபாரத்தில் டி.ஓ.ஏ. என்பார்கள். அதற்கான பேச்சை முதல் ஆர்டருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக முடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒத்துக்கொள்ளக்கூடியது இது: சரக்கு கைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள், பிரிக்காத பையிலிருந்து தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோ, செத்தவற்றை வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்து எண்ணி ஒரு படம், சப்ளையர் அந்தத் தொகையை அடுத்த பில்லில் கழிப்பார், பஸ் வாடகை உங்களுடையது. திறந்தபிறகு செத்ததை அவர் தலையில் கட்ட முயன்றால் அடுத்த முறை உண்மையான டி.ஓ.ஏ.வையும் நம்பமாட்டார். ஏப்ரல் முதல் ஜூன் வரை தெர்மோகோல் பெட்டி இல்லாமல் ஒரு பையும் வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லலாம். பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து டிக்கியில் ஏற்றக்கூடாது என்பதைப் பார்சல் ஆளிடம் நீங்களே பேசுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் சரக்கு வேண்டாம். பார்சல் எங்காவது கிடந்துவிடும்.

எங்கள் மொத்தக் கடைக்காரர் “செட்டில் ஆன மீன்தான், நேரே விற்பனைத் தொட்டியில் போடுங்க” என்கிறார். பத்து வருடப் பழக்கம். தனியாக வைக்கத்தான் வேண்டுமா?
– சேலம் வாசகர்

வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தண்ணீரில், அவர் தொட்டிக் கிருமிகளோடு செட்டில் ஆகியிருக்கிறது. உங்கள் தொட்டி அதற்குப் புது ஊர்.

குறைந்தது 14 நாள். காரணம் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியின் சுழற்சி. தோலுக்குள் புதைந்திருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே சாகும். 28–30 டிகிரியில் ஒரு சுற்று முடிய ஒரு வாரத்துக்குள் ஆகும். இரண்டு சுற்றாவது கண்ணில் படாமல் கடந்தால்தான் நம்பலாம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் கடைகளில் நடக்கும் பொதுவான தவறு. பத்து நாளாவது தொடர வேண்டும்.

சிறு கடைக்கு மூன்று இரண்டடித் தொட்டி போதும். கல், மண் எதுவும் வேண்டாம். வெறும் கண்ணாடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த்துண்டு. ஸ்பாஞ்சை எப்போதும் விற்பனைத் தொட்டி ஒன்றில் ஓடவிட்டுப் பழுக்க வைத்திருந்து, சரக்கு வரும் நாள் இங்கே மாற்றுங்கள். புது ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டு ஃபில்டர் ஓடுகிறது என்று நம்பினால் அம்மோனியா நாலு நாளில் ஏறும். ஒரு சப்ளையர் சரக்கு ஒரு தொட்டி. பதினான்கு நாளில் பாதி கழிந்தபின் புது மீனைச் சேர்த்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. தொட்டிக்கு ஒரு வலை, அதே தொட்டி மேல் தொங்கட்டும்.

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷுக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல்லுப்பு இந்தக் காலம் முழுக்க இருக்கலாம். கோரிடோரஸ், லோச்சுக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். டெட்ராவுக்கு உப்பே வேண்டாம். உப்பு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதையும் தடுக்கும். நோய் என்னவென்று தெரியாமல் ஆன்டிபயாடிக் பொடியைத் தூவுவதை விடுங்கள்; முதலில் சாவது ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா.

கோல்டு ஃபிஷை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடலில் நூல் போல் நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப்புழு, வட்டச் செதில் போல் ஒட்டியிருந்தால் மீன் பேன். மண் குளத்திலிருந்து வரும் சரக்கில் இரண்டும் சகஜம். கோய் மட்டும் தனிச் சாதி: வெவ்வேறு பண்ணைக் கோயை ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ், பார்க்க நன்றாக இருக்கும் மீனிலும் தங்கியிருக்கும், மருந்தில்லை. மொத்தமாகச் சாகத் தொடங்கினால் செத்ததை அல்ல, சாகும் நிலையில் உயிரோடு இருக்கும் ஒன்றிரண்டை ஆய்வுக்குக் கொண்டுபோங்கள். சென்னைப் பக்கம் என்றால் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகம் இருக்கிறது.

இடமே இல்லை என்றால் ஒரு வழி உண்டு. சப்ளையருக்கு ஒன்றுக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்து, இறக்குமதிச் சரக்கை அவர் தொட்டியிலேயே ஒரு வாரம் உங்கள் பெயரில் நிறுத்தச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்தால் பலர் ஒப்புக்கொள்வார்கள். பதினான்கு நாளை இது ஈடுகட்டாது. ஆனாலும் பயணத்தில் சாகும் முதல் அலை உங்கள் கடைக்கு வெளியே முடிந்துவிடும்.

சப்ளையர் முப்பது நாள் கடன் தருகிறார். பதிலுக்கு நான் கேட்காத மீனையும் ‘ஓட்டிப் பாருங்க’ என்று பெட்டியில் வைத்துவிடுகிறார். பில்லிலும் ஏறுகிறது.
– திருநெல்வேலி வாசகர்

கடனுக்கான வட்டியை மீனாக வாங்குகிறார், அவ்வளவுதான். கேட்காத மீன் எவ்வளவு, அதில் எவ்வளவு விற்றது என்று இரண்டு மாதம் கூட்டிப் பாருங்கள். விற்காததும் செத்ததும் சேர்ந்து மாதச் சரக்கின் மூன்று நான்கு சதவீதத்தைத் தாண்டினால், ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது. உயிர்ச்சரக்குக்கு ஏழு நாளுக்கு மேல் கடன் வைக்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. முப்பது நாள் பழைய பில்லில் எந்த மீன் எப்போது செத்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஆர்டரை வாய்வழியாகச் சொல்லாமல் வகை, அளவு, எண்ணிக்கை, “இல்லாவிட்டால் மாற்று வேண்டாம்” என்று எழுதி அனுப்புங்கள். அளவு என்பதை அங்குலத்தில் சொல்லுங்கள். ‘மீடியம்’ என்றால் அவர் மீடியமும் உங்கள் மீடியமும் ஒன்றல்ல. ஒரே சப்ளையரிடம் முழுக்க மாட்டிக்கொள்ளாமல், கால் பங்கு சரக்கையாவது இன்னொருவரிடம் எடுத்துக்கொண்டிருங்கள். அது முதல் ஆளுக்குத் தெரிவதிலும் தப்பில்லை.

கலர் கலரான விடோ டெட்ரா, நிறமேற்றிய கண்ணாடி மீன் மலிவாக வருகிறது. குழந்தைகள் விரும்பிக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?
– புதுச்சேரி வாசகர்

வேண்டாம். கண்ணாடி மீனுக்கு ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள்; விடோ டெட்ரா போன்றவற்றின் மேல் படலத்தை நீக்கிச் சாயத்தில் முக்குவதும் உண்டு. பிழைப்பவையும் நோய் எதிர்ப்பு குறைந்து, வெள்ளைப்புள்ளியை முதலில் வாங்கித் தொட்டிக்கே பரப்பும். சில மாதத்தில் நிறம் போய்விடும். “வெளுத்துப்போச்சு” என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். குட்டியிலேயே பெரிய ஆண் போல் நிறம் காட்டும் கப்பியிலும் உஷாராக இருங்கள். ஹார்மோன் கலந்த தீனியின் வேலை அது. பெரும்பாலும் அவற்றால் குட்டி கிடைக்காது.

‘பிரானா’ என்று வருவது பெரும்பாலும் அதைப் போலவே இருக்கும் சிவப்பு வயிற்றுப் பாகு (pacu) மீன். நிஜப் பிரானாவாக இருந்தாலும் கடையில் வைக்கக்கூடாது.

பறவை சப்ளையர் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சும் நட்சத்திர ஆமையும் தருவதாகச் சொல்கிறார். “பண்ணையில் வளர்த்தது, பிரச்சனை இல்லை” என்கிறார்.
– வேலூர் வாசகர்

பிரச்சனை உண்டு, ஜாமீன் தேட வேண்டிய பிரச்சனை. பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி, நட்சத்திர ஆமை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கையால் ஊட்டி வளர்த்தது என்பது சட்டத்தில் செல்லாது. அந்த சப்ளையரிடம் காடை முட்டைகூட வாங்காதீர்கள். அவர் மாட்டும் நாளில் அவருடைய போனில் உங்கள் எண் இருக்கும்.

பட்ஜி, காக்டீல், பீச் ஃபேஸ் லவ் பேர்ட்ஸ் மூன்றும் அயல்நாட்டினம். அழியும் நிலை உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலிலும் இல்லை. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், ஃபிஷர் லவ் பேர்ட்ஸ் போன்றவை பட்டியலில் இருப்பவை. 2024இல் வந்த விதிப்படி வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். கைமாறும்போது அதையும் பதிய வேண்டும். பதிவுச் சான்று காட்டாதவரிடம் முன்பணமே கொடுக்காதீர்கள். மீன் பக்கத்தில் இதே கதை ஆசிய அரோவானாவுக்கு: சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது, சிப்பும் சான்றும் மீனோடு வர வேண்டும்.

பறவை விற்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2018இன் செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயல், கினி பன்றி, ஹாம்ஸ்டர், எலி வகைகள், கூண்டுப் பறவைகள் வருகின்றன. இவற்றை விற்கும் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு உயிரும் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற பதிவேடும் கட்டாயம். எனவே பில் தராத சப்ளையர் உங்களுக்கு ஆகமாட்டார்.

நாய்க்குட்டி விற்பனையில் நல்ல லாபம் என்கிறார்களே?
– ஈரோடு வாசகர்

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் 2017 விதிகளின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்பவருக்குக் கடை தேவைப்படாது. வாங்குபவர்கள் அவர் வீட்டுக்கே வருவார்கள். கடைக்குத் தள்ளிவிடப்படும் குட்டி எது என்று இதிலிருந்தே புரியும். பல இடத்துக் குட்டிகளை ஒரே கடையில் அடைத்தால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் ஒரு வாரத்தில் கூண்டையே காலி செய்யும். கூண்டு வைக்கும் இடத்தில் தீவன ரேக் வையுங்கள்.

அந்தத் தீவன ரேக் பற்றித்தான் கேட்கிறேன். டீலர் ‘பத்துக்கு ஒன்று இலவசம்’ என்று மூட்டை மூட்டையாக இறக்கச் சொல்கிறார். எவ்வளவு எடுப்பது? லூஸில் விற்கலாமா?
– திருச்சி வாசகர்

பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் தள்ளுபடி பத்து சதவீதம் இல்லை, 9.1 சதவீதம். பதினொரு மூட்டை விற்க உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும் என்றால் லாபம்தான். எட்டு மாதம் ஆகும் என்றால் அந்தத் தள்ளுபடியை முடங்கிய பணமும் கடைசி இரண்டு மூட்டையின் காலாவதியும் தின்றுவிடும். எந்த ஸ்கீமிலும் 45 நாள் விற்பனையைத் தாண்டி எடுக்காதீர்கள்.

இறக்கும்போதே தேதியைப் பாருங்கள். மொத்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சமிருக்க வேண்டும். ஸ்கீமில் தள்ளப்படுவது பெரும்பாலும் தேதி நெருங்கிய சரக்கு. காலாவதிக்கு 60 நாள் முன்பு திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதியின் வாய்வார்த்தை அவர் வேறு கம்பெனிக்கு மாறும் வரைதான். வெளிநாட்டுப் பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாதது பெட்டியில் ஒளிந்து வந்தது. விலை குறைவாக இருப்பது அதனால்தான். நாய் கெட்டுப்போனது என்று யாராவது வந்தால் கைகாட்ட ஆள் இருக்காது.

லூஸ் விற்பனையில் ஆபத்து கொழுப்பு. 20 கிலோ மூட்டையைப் பிரித்ததும் அது காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், நம் ஊர் வெயிலில் வேகமாக. பிரித்த மூட்டை நாலு வாரத்தில் தீர வேண்டும். தீவனத்தை டிரம்மில் கொட்டாமல் மூட்டையோடு டிரம்முக்குள் வையுங்கள். சுவரில் படியும் பழைய எண்ணெய்தான் புதுச் சரக்கையும் கெடுக்கும். வாடிக்கையாளர் முன்னால் எடை போட்டுக் கொடுப்பது ஒன்று. நீங்களே கால் கிலோப் பாக்கெட் போட்டு அடுக்குவது வேறு: அப்போது சட்டப்படி நீங்கள் பேக்கர். எடையளவுத் துறையில் பதிவும், பாக்கெட்டின் மேல் உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி., பேக் செய்த மாதம், புகார் எண் எல்லாமும் வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இருந்தால் டீலர் பில்லில் கட்டும் வரியை வரவு எடுக்க முடியாது. அதுவும் அடக்க விலையில் சேரும். இரண்டு டீலர் விலையை ஒப்பிடும்போது ஒருவர் வரி சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் சொல்வார்கள், ஏமாற வேண்டாம்.

ஹீட்டரை மட்டும் எந்த ஸ்கீமிலும் எடுக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் தவிர மற்ற ஊர்களில் மார்கழி ஒரு மாதம் பத்து விற்றால் பெரிது.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு தினமும் கொண்டுவந்து தர ஒருவர் இருக்கிறார். மீன்கள் விரும்பித் தின்கின்றன.
– தஞ்சாவூர் வாசகர்

எந்தச் சாக்கடையிலிருந்து என்று அவரிடம் கேளுங்கள். அந்தப் புழு வளர்வது கழிவுநீர்ச் சேற்றில். அதன் குடலில் இருப்பதும் அதுவே. தவிர்க்க முடியாவிட்டால் ஓடும் தண்ணீரில் ஒரு நாளாவது வைத்து, செத்துத் திரளாத, கலைத்தால் மறுபடி பந்தாகச் சேரும் புழுவை மட்டும் போடுங்கள்.

கடைக்கு ஏற்றது ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்; அதன் முட்டை டப்பாவில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, 2 கிராம் முட்டை. தலைகீழாகக் கவிழ்த்த பெட் பாட்டிலில் அடியிலிருந்து பலமான காற்று, மேலே ஒரு விளக்கு, 28 டிகிரி. 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடியில் திரளும். அடியிலிருந்து உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு போனால் குட்டி மீனின் குடல் அடைக்கும். முட்டை டப்பாவைப் பிரித்ததும் ஃபிரிட்ஜில், சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். ஈரம் பட்ட டப்பாவில் பாதிகூடப் பொரிக்காது. வாங்கும்போது பொரிப்பு விகிதம் எவ்வளவு என்று டப்பாவில் பார்த்து, முதல் டப்பாவில் சோதித்த பிறகே அடுத்ததை ஆர்டர் செய்யுங்கள்.